இருக்கைக்கு அடியில் ஒரு ராக்கெட்

பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களில் ஒருவர் காலையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நம் ராக்கெட் பெட்டியில் காற்றைத் திறந்துவிடும் பித்தளைத் திருகு ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது, சின்னதாகப் போட்டால் பெட்டி இன்னும் மெலியுமே என்றார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அதைக் கழற்றியும் வைத்தேன். அதனால் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். ராக்கெட் எப்படிப் பறக்கிறது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதை நான் சொல்லப்போவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் நடமாடும் அறிவியல் பிரிவு மூன்று பேரை வைத்துத் திருநெல்வேலியில் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிகளுக்குப் போய் விளக்கம் காட்டுவது என் வேலை. பட்டறைப் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். அவர் பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். மூன்றாமவர் வேன் ஓட்டிய பரமசிவம் அண்ணாச்சி. அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். தற்காலிகப் பணியாளர்.

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்கள் கடைகளுக்கு வந்த புதிது. அதில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, தலைகீழாக ஒரு இரும்புத் தாங்கியில் மாட்டி, சைக்கிள் பம்பால் காற்றடிப்போம். பாட்டிலின் கழுத்தை, நுனி இரண்டாகப் பிளந்த ஒரு கவைத் தகடு பிடித்திருக்கும். கயிற்றை இழுத்தால் கவை விலகும். தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு பாட்டில் பனைமர உயரத்துக்கு மேலே போகும். மருந்து இல்லை, நெருப்பு இல்லை. பிள்ளைகள் அதற்காகவே எங்களுக்குக் காத்திருப்பார்கள்.

ஒரு கோடையில் வேனுக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று கிடைக்கவில்லை. புது வேன் வாங்க வழியில்லை என்றார் எங்கள் இயக்குநர். "பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக முடிந்தால் பாருங்கள். முடியாவிட்டால் பள்ளிப் பயணத்தையே நிறுத்திவிடலாம்." அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார். நான் பரமசிவம் அண்ணாச்சியைப் பார்த்தேன். வேன் இல்லாத டிரைவர் ஒருவரை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

முதல் முறை பழைய தாங்கியையே பஸ்ஸுக்குக் கொண்டுபோனோம். சாத்தான்குளம் போகும் வண்டி. கண்டக்டர் படியில் நின்றபடியே கையை ஆட்டினார்.

"யம்மா, இது உள்ள ஏறாது. மேல போட்டுருங்க."

மேலே போட்டோம். இறக்கும்போது ஒரு கால் வளைந்திருந்தது. அன்று ராக்கெட் இல்லாமலே விளக்கத்தை முடித்துவிட்டுத் திரும்பினோம். வரும் வழியில்தான் நான் முடிவுசெய்தேன், எல்லாம் கழன்று மடங்கி ஒரே பெட்டிக்குள் அடங்க வேண்டும், அந்தப் பெட்டி கடைசி இருக்கைக்கு அடியில் போக வேண்டும் என்று. டிப்போவில் நின்ற ஒரு பேருந்தில் ஏறி இருக்கைக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடத்தை அளந்துகொண்டு வந்தேன்.

இரண்டு மாதம் அதே வேலை. வால் இறக்கைகளைப் பழைய ஃபைல் அட்டையில் வெட்டி, ஒரு வளையத்தில் செருகிக் கழற்றும்படி செய்தேன். நுனியில் மாட்டும் கூம்பு மூக்கு, பாட்டிலுக்குள்ளேயே சுருண்டு போயிற்று. தாங்கியின் மூன்று கால்களையும் குட்டையாக்கி, நடுவில் மடங்கும் மூட்டு வைத்தேன். கனத்த இரும்புக் கவைக்குப் பதிலாக மெல்லிய அலுமினியத் தகடு போட்டேன். பாதி எடை போய்விட்டது. பரமசிவம் அண்ணாச்சி பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இனிமே இத நான் சாப்பாட்டுத் தூக்கு மாதிரி கொண்டு போயிருவேன்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பட்டறைப் பொறுப்பாளர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். பம்பிலிருந்து தாங்கிக்குப் போகும் ரப்பர் குழாயில், பம்புக்குப் பக்கத்தில் ஒரு திருகு வேண்டும். ஏதாவது தப்பானால் தூரத்தில் இருந்தே காற்றைத் திறந்துவிட அது உதவும். அவரே பழைய பித்தளைத் திருகு ஒன்றைக் கொடுத்தார். பொருத்தினேன். பொருத்திய பிறகு பெட்டி மூடவில்லை. ஒரு விரக்கடை, அதாவது ஒரு விரல் அகலம், தூக்கிக்கொண்டு நின்றது. மறுநாள் விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போக வேண்டும். திருகைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்தேன். காற்று திரும்பி வராமல் தடுக்கும் வால்வைத் தாங்கியின் அடியிலேயே வைத்தேன். அடுத்த பெட்டி செய்யும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

கால்களைக் குட்டையாக்கியது, கவையை மெலியவைத்தது, திருகை எடுத்தது என்று மூன்று முடிவுகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக என்னிடம் கேட்டிருந்தால் காரணம் சொல்லியிருப்பேன். மூன்றையும் சேர்த்து யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பாபநாசம் பஸ்ஸில் பெட்டி இருக்கைக்கு அடியில் அழகாகப் போய் உட்கார்ந்தது. விக்கிரமசிங்கபுரத்தில் இறங்கும்போது மில்லில் ஷிப்டு மாறி, தெரு முழுக்க சைக்கிள்களாக இருந்தது. பள்ளி மைதானத்தில் அறுநூறு பிள்ளைகளைத் தரையில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு சாமியானா. அதில் தலைமையாசிரியர், ஆசிரியர்கள், சிறப்பு விருந்தினராக மில்லில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். எல்லாரும் ஒரே பக்கம். எதிர்ப்பக்கம் மதில், அதற்கு அப்பால் வயல்.

பெட்டியைத் திறந்து கால் மணி நேரத்தில் மாட்டி முடித்தோம். அண்ணாச்சி காற்றடித்தார். அளவுமானியில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் பம்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கினார். நான் கயிற்றை இழுத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு முறை, கொஞ்சம் பலமாக இழுத்தேன். அழுத்தத்தில் அலுமினியக் கவை வளைந்து இறுகிவிட்டிருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்றாவது இழுப்பில் கவை வரவில்லை, தாங்கி வந்தது. ஒரு காலின் மடிப்பு மூட்டு விட்டுக்கொடுத்து, தாங்கி சாய்ந்து நின்றது. பாட்டிலின் மூக்கு மேலே பார்க்கவில்லை. சாமியானாவைப் பார்த்தது.

பட்டாசு பற்றாமல் போனால் கொஞ்ச நேரம் விட்டால் ஆறிவிடும். அடைத்த காற்று அப்படி ஆறாது. வெயில் ஏற ஏற பாட்டிலுக்குள் அழுத்தம் கூடத்தான் செய்யும். அந்தக் கவை எந்த நொடியும் விடலாம். ஒரு பிள்ளையின் முகத்தில் பட்டால் கண் போய்விடும். திறந்துவிட வேண்டிய திருகு இழுப்பறையில் இருக்கிறது. இவ்வளவும் எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் அசையாமல் நின்றது புரியாததால் அல்ல. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அண்ணாச்சி தாழ்ந்த குரலில் சொன்னார். "டீச்சர், கயித்தப் பைய கீழ போடுங்க. இனி இழுத்துராதிய."

போட்டேன். தலைமையாசிரியர் சாமியானாவிலிருந்து இறங்கி வந்தார்.

"என்னம்மா, எப்ப விடப்போறிய? வெயில்ல பிள்ளைய காயுது."

"ஒரு நிமிஷம் சார்" என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் இத்தனை ஆண்டுகளாக நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். 'சார், அது தப்பா நிக்கு, எல்லாரையும் அப்புறப்படுத்துங்க' என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் அதே நேரம்தான் ஆகும். ஆனால் நான் செய்த பெட்டி, நான் குறைத்த எடை, சாமியானாவில் ஒரு பெரிய மனிதர். அவரை எழுந்து ஓடச் சொல்வதா? சொல்ல வாய் வரவில்லை. எனக்குப் பயம்கூட இல்லை, வெட்கம்தான்.

தலைமையாசிரியர் திரும்பிப் போய் மைக்கைப் பிடித்தார். இன்னும் ஒரு நிமிடத்தில் ராக்கெட் புறப்படும் என்று அறிவித்தார். அதோடு நிறுத்தாமல், எல்லாரும் சேர்ந்து எண்ணுங்கள் என்றார். "முப்பது, இருபத்தொன்பது…" அறுநூறு பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள். முன்வரிசைப் பிள்ளைகள் இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று முட்டிபோட்டு முன்னால் நகர்ந்தார்கள்.

இருபத்துக்குக் கீழே வந்தபோதுதான் என் கால் நகர்ந்தது. பக்கவாட்டில் நின்ற உடற்கல்வி ஆசிரியரிடம் ஓடினேன்.

"சார், கயிறு மாட்டிக்கிட்டு. அது பிள்ளைகளப் பாத்து நிக்கு. எப்ப வேணா போயிரும்."

அவர் தாங்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. விசிலை வாயில் வைத்து ஊதினார். எண்ணிக்கை அறுந்தது.

"எல்லாம் எந்தி! நேராக நில்! இடப்பக்கம் திரும்பு! நட!"

பிள்ளைகள் எழுந்தார்கள், திரும்பினார்கள், நடந்தார்கள். தினமும் காலையில் செய்வதுதானே. எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் மேல் ஒருவர் விழவில்லை. ஓடுங்கள் என்று நான் மைக்கில் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு நினைத்துப் பார்த்தேன். அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்லக்கூட இல்லை. அவருக்கு ராக்கெட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கூட்டத்தை எப்படி நகர்த்துவது என்று தெரிந்திருந்தது.

சாமியானாவில் யாரும் எழவில்லை. அங்கே ஓடினேன். தலைமையாசிரியர் மைக்கோடு என் பக்கம் குனிந்து, "என்ன நடக்கு? சீப் கெஸ்ட் இருக்காவ, அவங்கள எப்படி எந்திக்கச் சொல்ல?" என்றார். இனி அவரோடு பேசிப் பயனில்லை என்று நேராகப் பெரியவர் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, எந்திரிங்க. அது உங்களுக்கு நேரா நிக்கு. எங்க தப்புதான்."

அவர் உடனே எழுந்துவிட்டார். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓரமாக நடந்துகொண்டே, "அதுக்கென்னம்மா, மொதல்லயே சொல்லப்படாதா?" என்றார். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே கேட்டார்.

அதே நேரம் பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன்.

சாமியானாவில் ஆட்கள் இருப்பதைப் பார்த்துக்கொண்டு அண்ணாச்சியால் சும்மா நிற்க முடியவில்லை. பக்கவாட்டில் குனிந்து போய், தாங்கியின் ஒரு காலைப் பிடித்து மதில் பக்கமாகத் திருப்பியிருக்கிறார். திருப்பியாயிற்று. டயர் வால்வைக் கழற்றுவது போல அடி வால்வைத் தளர்த்தலாம் என்று இன்னொரு கையை நீட்டும்போது கவை விட்டுவிட்டது. பாட்டில் தரைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் சீறிப் போய், மதிலின் மேல் விளிம்பைத் தட்டிக்கொண்டு வயலில் விழுந்தது. போகிற வேகத்தில் தாங்கியைப் பின்னால் உதைத்தது. மடங்கும் மூட்டு சட்டென்று மூடிக்கொண்டது. அவருடைய வலக்கை விரல்கள் இரண்டு அதற்குள் இருந்தன.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்களுக்கு இது விளக்கத்தின் ஒரு பகுதி. தலைமையாசிரியர் மைக்கில் நன்றி கூறினார். அண்ணாச்சி தலையிலிருந்து கால்வரை நனைந்து, கையைச் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு எழுந்து நின்றார். பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். கைதட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பெரியவர் ஒருவர்தான். அவருடைய காரில்தான் அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

நான் முதல் நொடியிலேயே சொல்லியிருந்தால் மைதானம் காலியாகியிருக்கும். தூரத்தில் நின்று கயிற்றை இழுத்து, ஆளில்லாத சாமியானாவைக் கிழிக்க விட்டிருக்கலாம். துணிதானே. அவர் பக்கத்தில் போக வேண்டிய தேவையே இருந்திருக்காது.

திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டி என் மடியில் இருந்தது. கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி சொன்னார்.

"டீச்சர், ரிப்போட்டுல வழுக்கி விழுந்துட்டேன்னு எழுதிருங்க. நெசத்த எழுதினா வெளியூருக்குப் போறதையே நிப்பாட்டிருவாவ. அப்புறம் எனக்கு அங்கன என்ன வேல? உங்களுக்கும் கெட்ட பேரு."

சரி என்றேன். அப்படியே எழுதினேன். தண்ணீர் தெளித்த தரையில் வழுக்கியதால் விரல்களில் காயம் என்று மூன்று வரி.

பட்டறைப் பொறுப்பாளர் அதைப் படித்தார்.

"வழுக்கி விழுந்த மனுசனுக்கு ரெண்டு வெரல் மட்டும் நசுங்குமா?" என்றார்.

அவர் பெட்டியைத் திறந்தார். குழாயைத் தடவிப் பார்த்தார். பிறகு என் மேசை இழுப்பறையை இழுத்தார். திருகு அங்கே கிடந்தது. அதைக் குழாயோடு வைத்துப் பெட்டியை மூடிப் பார்த்தார். மூடவில்லை.

"இதுக்குத்தான் எடுத்தியா?"

"ஆமா சார்."

"பெட்டிய ஒரு விரக்கடை ஒசத்தப்படாதா?"

"சீட்டுக்கு அடியில போகாது சார். அளந்து பாத்தேன்."

"எத்தன பஸ்ஸுல அளந்தே?"

ஒரு பஸ்ஸில் என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் காத்திருக்கவில்லை. தாளை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு நான் டிப்போவில் எட்டுப் பேருந்துகளில் அளந்தேன். முதலில் அளந்ததுதான் இருந்ததிலேயே தாழ்ந்த இருக்கை. மற்ற எல்லாவற்றிலும் இரண்டு விரக்கடை மிச்சம் இருந்தது.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு முழுவதையும் எழுதினேன். திருகை எடுத்ததை, கவையை, கால்களை, 'ஒரு நிமிஷம் சார்' என்று சொல்லிவிட்டு நின்றதை, அண்ணாச்சி யாரும் சொல்லாமல் போய் அதைத் திருப்பியதை. நான்கு பக்கம் வந்தது. எழுதி முடித்ததும் மனது லேசாகிவிட்டது. மறுநாள் காலை, வந்ததும் வராததுமாக இயக்குநரிடம் கொடுத்தேன். லேசானதும் சரியானதும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிப் பயணங்கள் நான்கு மாதம் நின்றன. எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. அண்ணாச்சியை வேலையை விட்டு அனுப்பவில்லை. சாமியானாவில் இருந்தவர்களைக் காப்பாற்றியவர் என்று என் அறிக்கையில் இருந்ததால்தான் அவருக்கு வாசல் காவல் வேலை கிடைத்தது என்று நினைத்து எனக்குள் ஒரு திருப்தி. ஆனால் அவர் என்னோடு பேசுவதை விட்டிருந்தார். காலையில் ஒரு வணக்கம், மாலையில் ஒரு வணக்கம். விரல்கள் ஆறிவிட்டன, ஆனால் மடங்கவில்லை. கியர் பிடிக்க வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்தக் கோபம் என்றே நினைத்தேன். அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

பயணங்கள் மீண்டும் தொடங்கும் உத்தரவு வந்த அன்று வாசலில் போய் அவரிடம் சொன்னேன். அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"சந்தோசம் டீச்சர்."

"அண்ணாச்சி, நான் நெசத்த எழுதினதுல உங்களுக்குக் கோவமா?"

அவர் ஸ்டூலை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"எழுதினது தப்புன்னு நான் சொல்லல. நீங்க அதக் குடுத்த அன்னைக்கு டைரக்டர் என்னக் கூப்பிட்டு என்ன நடந்துன்னு கேட்டாவ. நாம பேசி வச்சதுதானேன்னு, வழுக்கி விழுந்துட்டேன் சார்னு சொன்னேன். தண்ணி எங்கன கிடந்து, நான் எப்படி விழுந்தேன், எல்லாம் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு நீங்க எழுதினத எடுத்து வாசிச்சாவ. நான் அங்கன நின்னுக்கிட்டே இருந்தேன்."

மடங்காத விரல்களை அவர் இடக்கையால் தேய்த்துக்கொண்டார்.

"முப்பது வருசம் வண்டி ஓட்டியிருக்கேன். பொய்யன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. உள்ள போறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த, 'அண்ணாச்சி, நான் மாத்தி எழுதிட்டேன்'னு சொல்லியிருந்தியன்னா போதும். நானும் நெசத்தையே சொல்லியிருப்பேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அது சரி என்பதற்கா, வேண்டாம் என்பதற்கா, எனக்கு இன்றும் தெரியாது.

இந்த வேலையில் தப்புகள் செய்வீர்கள். கவை வளையும், கால் மடங்கும். அதை நான் தடுக்க முடியாது. தெரிந்ததை யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் யோசியுங்கள். அது யாருக்கு நேராக நிற்கிறதோ அவரிடம்தான். மேலதிகாரி, அறிக்கை, நம் மனச்சாட்சி எல்லாம் அதற்கு அப்புறம். நான் ஒரே வாரத்தில் இரண்டு முறை அதில் தவறினேன்.

அடுத்த வாரம் சீவலப்பேரிப் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. பெட்டி ஒரு விரக்கடை உயர்ந்து, பழைய இரும்புக் கவையோடு கனத்துப் போயிருந்தது. தனியாகத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கூட வருகிறீர்களா அண்ணாச்சி என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். நான் இங்கனயே இருக்கேன்" என்றார்.

சொல்லிவிட்டு, இடக்கையால் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். நிறுத்தம் வரை நடந்தோம். டவுன் பஸ் வந்ததும் அவரே முதலில் ஏறி, கடைசி இருக்கைக்கு அடியில் பெட்டியைத் தள்ளி, அது ஆடுகிறதா என்று காலால் அசைத்துப் பார்த்துவிட்டு இறங்கினார். வண்டி நகர்ந்ததும் ஜன்னல் வழியே கையை நீட்டி அவருக்கு ஆட்டினேன். அவர் பார்க்கவில்லை. கேட்டைத் திறந்து போட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்து, வேகமாகத் திரும்பி நடந்துகொண்டிருந்தார்.